பெரிய நாய் என்றாலும் இரவில் உள்ளேதான்

மலைக்குப் புதிதாகக் குடிவந்து, கையோடு ஓர் அல்சேஷனையோ ராட்வைலரையோ வாங்கிவரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, வெளியே கட்டலாமா, வீட்டுக்குள் வைக்கலாமா என்றுதான். குன்னூர்ச் சரிவில் பெரிய நாய்களோடே வயதாகிவிட்டவன் நான். என் பதில் இதுதான்: பகலெல்லாம் வெளியே, பொழுது சாய்ந்தால் உள்ளே.

1. முதலில் சிறுத்தையை நினையுங்கள், குளிரைப் பிறகு பார்க்கலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் வீட்டு வாசல்வரை வந்து நாயைக் கவ்விப்போகும் சிறுத்தைகள் சிசிடிவியில் பதிவாகிக்கொண்டே இருக்கின்றன. நம் நாய் ஐம்பது கிலோ, அதனிடம் எது வரும் என்று நினைக்காதீர்கள். சிறுத்தை எதிரே நின்று சண்டை போடுவதில்லை. இருட்டில் பதுங்கி வந்து கழுத்தைப் பிடிக்கும். குரைக்கக்கூட நேரம் இருக்காது. மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டாரத்தில், கரும்புக்காட்டை ஒட்டி வாழும் சிறுத்தைகளின் எச்சத்தைக் காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவின் குழுவினர் ஆராய்ந்தார்கள். அவை தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய், 11 சதவீதம்தான் ஆடு. இத்தனைக்கும் அங்கே நாய்களைவிட ஆடுகள் பல மடங்கு அதிகம். ஆட்டை இரவில் பட்டியில் அடைக்கிறார்கள், நாயை வெளியே விட்டுவிடுகிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். நம் மலைக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2. சங்கிலியில் கட்டிய நாயால் ஓடவும் முடியாது, திரும்பிக் கடிக்கவும் முடியாது. இமயமலையில் ஆடு மேய்ப்பவர்கள் தங்கள் பெரிய நாய்களுக்கு முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவார்கள். அந்த நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டு, மனிதர்கள் பக்கத்திலேயே இருப்பவை. பட்டையை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு நாயைத் தூணில் கட்டினால் பயனில்லை. சட்டமும் இதைப் பேசுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை உலாத்தாமல் விடுவதைக் குற்றம் என்கிறது.

3. உள்ளே படுத்த நாய் காவல் காக்காது என்பார்கள். நம்பாதீர்கள். முன்கதவுக்குப் பின்னால் படுக்கும் நாய் வெளியே காலடி கேட்டதும் குரைக்கும், நீங்களும் எழுந்துகொள்வீர்கள். காவலுக்கு அது போதும்.

4. உள்ளே படுக்கும் நாயும் பறிபோகலாம், கதவைத் திறந்துவிடும் அந்த ஒரு நிமிடத்தில். படுக்கப்போகும் முன்பும் விடியற்காலையிலும், "போய்ட்டு வாடா" என்று தனியாக வெளியே அனுப்பாதீர்கள். முதலில் விளக்கைப் போடுங்கள். டார்ச்சை மதிலோரம், புதரோரம், தேயிலை ஓரம் அடித்துப் பாருங்கள். பிறகு வாரைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே போங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் நடுப்பகலையும் இரவாகவே எண்ண வேண்டும்.

5. பகலிலும் வாரில்லாமல் தேயிலைக்குள் விடாதீர்கள். காட்டுமாட்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு ஓடும் நாய், அது திரும்பியதும் நேராக உங்களிடம்தான் ஓடிவரும், மாட்டையும் பின்னால் கூட்டிக்கொண்டு. மருந்தடித்த தேயிலைக் காட்டுக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம். வீடு திரும்பியதும் காது மடல், கால்விரல் இடுக்கு, வாலடி எல்லாம் தடவிப் பாருங்கள். அட்டை கடித்தால் ரத்தம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். உண்ணிதான் காய்ச்சலைக் கொடுத்து ஆளைச் சாய்ப்பது.

6. குளிருக்கு வருகிறேன். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். டிசம்பர், ஜனவரியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துப்போகும். அடர்முடி நாய்களுக்கு அந்தக் குளிர் பிடிக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வெயில் மண்ணில் பிறந்தவை. குட்டை முடி, தோலடியில் கொழுப்பும் குறைவு. அவற்றை மலைக்குக் கொண்டுவந்தால் கம்பளிச் சட்டையும் உலர்ந்த படுக்கையும் உங்கள் பொறுப்பு. எந்த நாய்க்கும் குளிரைவிட ஈரம் மோசம். ஆடி மழையில் நனைந்த சாக்கின் மேல் படுத்தால் பெரிய நாயின் இடுப்பு மூட்டு வலி கூடும். டைல்ஸ் தரையும் அதற்கு ஆகாது, வழுக்கி வழுக்கியே மூட்டு தேயும். பழைய ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். நாய்க்குக் கதகதப்பு வேண்டும் என்று மூடிய அறையில் கரி அடுப்பு வைக்காதீர்கள். அந்தப் புகையில் இந்த ஊரில் மனிதர்களே இறந்திருக்கிறார்கள்.

7. வீட்டில் இடமே இல்லை, வெளியில்தான் என்றால் சுவரை ஒட்டிக் கொட்டில் கட்டுங்கள். தரை அரையடி உயரட்டும். வாசல் காற்று அடிக்காத பக்கம் இருக்கட்டும். கோழிவலை வேண்டாம், வெல்டிங் செய்த கம்பிவலை போடுங்கள், மேற்புறமும் சேர்த்து. ஆறடி மதிலைச் சிறுத்தை ஒரே தாவலில் தாண்டும். தின்று மிச்சம் வைத்த தட்டை இரவில் வெளியே விட்டால் கரடியும் காட்டுப்பன்றியும் வரும்.

8. உள்ளே வைப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது, அதை அதிகம் பேர் சொல்வதில்லை. கிரேட் டேன், அல்சேஷன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்குச் சில சமயம் வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, நிலைகொள்ளாமல் நடக்கும். சில மணி நேரத்தில் அறுவை செய்யாவிட்டால் உயிர் போய்விடும். பக்கத்தில் படுத்திருந்தால் உங்களுக்குக் கேட்கும். கொல்லையில் இருந்தால் காலையில்தான் தெரியும். தின்றதும் ஓடவிடாதீர்கள். இரவில் வரக்கூடிய கால்நடை மருத்துவர் யார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

9. வெறிநாய்க்கடி ஊசியை ஆண்டுதோறும் போடுங்கள். 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கும் குன்னூரில் இதைத் தனியாகச் சொல்லத் தேவையிருக்கக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். காட்டு விலங்கோடு புரண்ட நாயின் காயம் முடிக்குள் மறைந்திருக்கும். கையுறை போட்டுத் தேடுங்கள். உங்களுக்குக் கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிஸ்டம்பர் ஊசியும் விட்டுப்போகக் கூடாது. 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது இந்த நோய்தான், அது நாய்களிடமிருந்து பரவியது. நம் செந்நாய்களுக்கும் அது தொற்றும்.

10. எல்லாம் பார்த்தும் ஒருநாள் நாய் போய்விடலாம். இருட்டில் தேடிப் புதருக்குள் இறங்காதீர்கள். மிச்ச உடலில் விஷம் வைக்கச் சொல்லி யாராவது வந்தால் துரத்திவிடுங்கள். 2023 செப்டம்பரில் அவலாஞ்சிப் பக்கம், விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. கூண்டு வைத்துப் பிடித்துப்போனாலும் அந்த இடத்துக்கு வேறொரு சிறுத்தை வந்து சேரும். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், வேலியோரப் புதரை வெட்டுங்கள், அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய் அவர்கள் நாய்களையும் அன்று மாலையே உள்ளே எடுக்கச் சொல்லுங்கள்.