அழும் குழந்தையை அழ விட்டுவிடலாமா?

பச்சிளம் குழந்தைக்கு அல்லாஹ் தஆலா கொடுத்திருக்கும் ஒரே பாஷை அழுகை. பசித்தாலும் அழும், நனைந்தாலும் அழும், கொசு கடித்தாலும், வயிறு பொருமினாலும், தாயின் வாசம் விலகினாலும் அழும். இந்த அழுகைக்கு என்ன பதில் சொல்வது என்பதில்தான் இப்போது வீடுகளில் தகராறு. மாமியார், "தூக்கித் தூக்கிக் கைச்சூட்டுக்குப் பழக்காதே, பிறகு கீழேயே இறங்காது" என்கிறார். மருமகளோ செல்போனில் பார்த்துவிட்டு, "தொட்டிலில் போட்டுவிட்டு வந்துவிட வேண்டுமாம்; அழுது ஓய்ந்து தானே உறங்கப் பழகிக்கொள்ளுமாம்" என்கிறாள். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உள்ள தாய்மார்கள் இவ்விரண்டையும் நம்மிடம் சொல்லி, "மார்க்கத்தில் இதற்கு என்ன சட்டம்?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி சின்னதல்ல. ஒற்றை அறை வீடு. துறைமுகத்தில் இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் உறங்கும் கணவன். ஒரு சுவருக்கு அப்பால் அண்டை வீடு. அங்கே குழந்தை வீறிட்டால் அதட்டப்படுபவள் தாய். சில வீடுகளில் அடியும் வாங்குகிறாள்.

முதலில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் நடைமுறையைப் பார்ப்போம். தொழுகையை நீட்டித் தொழும் எண்ணத்தோடு நிற்பார்கள். பின்னாலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்கும். உடனே தொழுகையைச் சுருக்கிவிடுவார்கள். அனஸ் (ரலி), அபூகதாதா (ரலி) ஆகியோர் இதனை அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தாயின் மனம் படும் வேதனையே காரணம் என்றும் நபியவர்களே விளக்கினார்கள். குழந்தையோடு பள்ளிக்கு ஏன் வந்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை. கொஞ்சம் அழட்டும் என்றும் விட்டுவிடவில்லை. ஜமாஅத் முழுவதற்கும் இமாமாக நின்றவர்கள், ஒரு தாய்க்காகத் தம் தொழுகையின் அளவையே மாற்றிக்கொண்டார்கள். (ரமலானில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, குழந்தை அழுதால் முகம் சுளிக்கும் நிர்வாகிகள் இதை இன்னொரு முறை வாசிக்கட்டும்.)

அடுத்து, அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு சம்பவம். இப்னு ஸஃது (ரஹ்) அவர்களின் தபகாத்தில் இது வருகிறது. மதீனாவுக்கு ஒரு வணிகக் கூட்டம் வந்து தொழுகைத் திடலில் தங்கியது. உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் அன்றிரவு அவர்களுக்குக் காவல் இருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது. உமர் (ரலி) போய், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளையை நல்லபடியாகக் கவனிக்கும்படி தாயிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் போனார்கள். இரவின் கடைசியில் மூன்றாவது முறையும் கேட்கவே, நீ என்ன தாய் என்று கடிந்தே கொண்டார்கள். தம்முன் நிற்பவர் கலீஃபா என்பதை அறியாத அப்பெண், இரவெல்லாம் நீர் என்னைத் தொல்லை செய்துவிட்டீர் என்றாள். பாலை மறக்கடிக்கப் பார்க்கிறேன், பிள்ளை மறுக்கிறது என்றாள். ஏன் இந்த அவசரம் என்று கேட்டதற்கு, பால்குடி மறந்த பிள்ளைக்கு மட்டும்தானே உமர் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை தருகிறார் என்று பதில் வந்தது. பிள்ளைக்கோ வயது சில மாதங்களே!

அன்று ஃபஜ்ருத் தொழுகையில் உமர் (ரலி) அழுத அழுகையில், அவர்கள் ஓதியது பின்னால் நின்றவர்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், முஸ்லிம்களின் எத்தனை பிள்ளைகளைக் கொன்றுவிட்டேனோ என்று தம்மையே நொந்துகொண்டார்கள். இனி யாரும் பாலை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்து, எல்லாப் பிரதேசங்களுக்கும் எழுதியனுப்பினார்கள்.

அந்தக் குழந்தையின் அழுகைக்குக் காரணம் தாயின் மடியில் இல்லை. அரசாங்கக் கணக்கில் இருந்தது. நம் பகுதியிலும் அப்படித்தான். 2017-ல் சட்டம் திருத்தப்பட்டுப் பிரசவ விடுமுறை 26 வாரம் ஆனது. ஆனால் அது முறையான சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கும், கூலிக்குத் தைப்பவளுக்கும் அந்த விடுமுறை ஏது? நாற்பது நாள் கழிந்ததும் வேலைக்கு ஓடும் தாயிடம், ஏன் குழந்தையை அழவிடுகிறாய் என்று கேட்பது எளிது. அவளுடைய ஒரு மாத வாடகைக்கு மஹல்லா என்ன செய்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இனி மருத்துவர்கள் சொல்வது. பிறந்த சில வாரங்களில் அழுகை ஏறிக்கொண்டே போய், ஆறாவது வார வாக்கில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் தணிகிறது. ஆரோக்கியமான குழந்தைக்கும் இப்படித்தான். கனடாவின் மாண்ட்ரியலில் நடத்தி 1986-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அழாத நேரத்திலும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாகவே அழுதன. ஆக, முதல் மாதங்களில் தூக்கினால் கெட்டுப்போகும் என்ற மாமியாரின் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

மருமகள் பார்த்த முறையும் புதிதல்ல. 1894-லேயே ஹோல்ட் என்ற அமெரிக்க மருத்துவர் தம் நூலில் குழந்தையை அழவிடச் சொன்னார். 1985-ல் ஃபெர்பர் என்பவர் அதை மாற்றி, சில நிமிட இடைவெளியில் போய்த் தேற்றிவிட்டு வரும் முறையை எழுதினார். இப்படிப் போய்ப் போய்த் தேற்றிப் பழக்கிய குழந்தைகளை ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. நீடித்த தீங்கும் இல்லை, நீடித்த நன்மையும் இல்லை என்றது. அவை ஏழெட்டு மாதமான குழந்தைகள். நாற்பது நாள் சிசுக்கள் அல்ல.

நம் முன்னோர்களில் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் குழந்தை வளர்ப்பு பற்றிய துஹ்ஃபத்துல் மவ்தூதில், குழந்தை அழுவதைக் கண்டு பெற்றோர் கலங்க வேண்டாம், அழுகையால் அதன் உறுப்புகளுக்கும் நெஞ்சுக்கும் நன்மை உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். அது பதறும் பெற்றோருக்குச் சொன்ன ஆறுதல். பாலைத் தள்ளிப்போட அனுமதிச் சீட்டு அல்ல. ஆகவே நாம் சொல்வது இது: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைப் பழக்குவதற்காக அழவிடுவது கூடாது. அதற்கு மேல், வயிறு நிறைந்து, துணி மாற்றி, நோய் இல்லை என்று தெரிந்த பின், குரல் கேட்கும் தூரத்தில் ஆள் இருந்து, சில நிமிடம் பொறுத்துப் பார்ப்பது முபாஹ். அதையும் தாயும் தகப்பனும் கலந்து முடிவு செய்ய வேண்டும். பால் நிறுத்தும் விஷயத்திலேயே இருவரின் சம்மதத்தையும் ஆலோசனையையும் திருமறை (2:233) வைத்திருக்கிறதல்லவா?

காரணம் தேடாமல் அழுகையை மட்டும் அடக்குவதுதான் ஆபத்து. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, உறங்கியவர்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்து, வீட்டைவிட்டு ஓடினார்கள். அப்படி ஓர் இரவில் முதலில் வீறிடுவது குழந்தையாகவும் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் சுட்டாலும், பால் குடிக்க மறுத்தாலும், வழக்கமில்லாத குரலில் விடாமல் அழுதாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு காலத்தில் பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்கள், வேலைக்குப் போகும்முன் குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்து உறங்க வைத்தார்கள். இன்று அபின் இல்லை. சளி மருந்து இருக்கிறது. குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார். உறங்கவைக்க மருந்து கொடுப்பது ஹராமான துரோகம். கோபத்தில் குழந்தையைப் பிடித்து உலுக்குவதோ அதைவிடப் பயங்கரம். மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகும்.

தாய்க்குப் பொறுமை அற்றுப்போகும் நேரம் வரும். அப்போது குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் வாசலில் போய் நின்று மூச்சு விட்டு வருவதில் குற்றமில்லை. அதைவிட நல்லது, தகப்பன் வாங்கிக்கொள்வது. நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தே தொழவைத்தார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி, எழும்போது தூக்கிக்கொண்டார்கள். இரவு ஷிப்டு முடித்து வரும் கணவர், உறங்கப் போகும்முன் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால், அந்த ஒரு மணி நேரம் அவள் கண் மூடுவாள்.

தனியாக இருக்கும் தாய், தொழுகையில் நிற்கும்போது குழந்தை அழுதால் சிறிய சூராவை ஓதிச் சுருக்கிக்கொள்ளலாம். குழந்தையின் துணி சுத்தமாக இருந்தால் தூக்கி வைத்தும் தொழலாம். சிறுநீர் நனைந்த துணியோடு தூக்கினால் தொழுகை கூடாது. குழந்தை கட்டிலிலிருந்து விழும், தூளித்துணி கழுத்தில் சுற்றும் என்று அஞ்சினால், ஃபர்ளானாலும் முறித்துவிட்டு ஓட வேண்டும். தொழுகையைப் பிறகு திரும்பத் தொழுதுகொள்ளலாம்.