பாரிசில் தமிழ் நடிகன்

கேள்வி: பாரிசில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு சினிமாவில் நடிக்க ஆசை. தமிழனுக்கு அங்கே இடம் கிடைக்குமா?
– வாசகி ஒருவர், வைத்திக்குப்பம், புதுச்சேரி

பதில்: கிடைத்திருக்கிறது அம்மா. இலங்கையின் அல்லைப்பிட்டியில் 1967இல் பிறந்த அந்தோனிதாசன் யேசுதாசனை, அதாவது நம் எழுத்தாளர் ஷோபாசக்தியைப் பாருங்கள். பதின்வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்து விலகியவர். 1993இல் அகதியாகப் பிரான்ஸ் போய், கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்துகொண்டே 'கொரில்லா' நாவலை எழுதினார். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியாரின் 'தீபன்' படத்துக்கு நாயகனானார். 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருது அந்தப் படத்துக்குத்தான். சிறந்த நடிகருக்கான பிரான்சின் சேசர் திரைப்பட விருதுப் பரிந்துரையிலும் அவர் பெயர் வந்தது. இருட்டில் மினுக்கும் விளக்குக் காதுகளைத் தலையில் மாட்டிக்கொண்டு தெருவில் சாமான் விற்க வருவாரே, அந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். படத்தில் பேசுவதும் பெரும்பாலும் தமிழ்தான்.

ஆனால் இப்படிப்பட்ட வேடங்கள் அங்கே அபூர்வம். தம்பி வேலையை விடவேண்டாம். பிரெஞ்சு உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு, நாடகக் குழு ஒன்றில் சேரட்டும். 12 மாதத்தில் 507 மணி நேரம் கலைத்துறையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவருக்கு, வாய்ப்பில்லாத நாட்களில் அங்கே உதவித்தொகை உண்டு. அதனால் ஒவ்வொரு ஒப்பந்தத் தாளையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.