சாவி கைமாறும் நாள்: கெடுவுக்கு முன்பே கடையைக் காலி செய்தால்

கடையை வாடகைக்கு விடும் நாளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ப்ராபர்டி டீலர் வருவார், சாட்சிகள் வருவார்கள், லட்டுப் பெட்டியும் வரும். காலி செய்யும் நாளில் மிஞ்சுவது இரண்டே பேர்: சொந்தக்காரரும் வாடகைதாரரும். அதிலும் ஐந்து வருஷத்துக்கென்று எழுதிய கடையை ஒன்றரை வருஷத்தில் காலி செய்வதென்றால், அந்த இருவர் முகம் கொடுத்துப் பேசுவதே அபூர்வம்.

டெல்லி மாவட்ட நீதிமன்றங்களில் வழக்கறிஞராகத் தொழில் செய்பவன் என்ற முறையில் இந்தச் சண்டையின் இரு பக்கங்களையும் நான் பார்த்து வருகிறேன். நம் சங்கக் குடும்பங்களிலும் இரு பக்கத்தாரும் உண்டு. மத்திய அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, கிராஜுவிட்டிப் பணத்தை மயூர் விஹாரிலோ ஜனக்புரியிலோ ஒரு சின்னக் கடையில் போட்டு, அந்த வாடகையில் மருந்துச் செலவைச் சமாளிப்பவர்கள் ஒரு பக்கம். வீட்டு நகையை அடகு வைத்து டிபன் கடையோ டியூஷன் சென்டரோ தொடங்கிய இளைய குடும்பங்கள் மறு பக்கம். ஆகவே இரு தரப்பினருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன். இங்கே நான் சொல்வது டெல்லிக் கடைகளுக்குப் பொருந்தும். வாடகைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை மும்பை, பெங்களூர் உறவினர்களுக்குச் சொல்லும்போது நினைவில் வையுங்கள்.

எந்தச் சட்டம் பொருந்தும்?

கரோல் பாக் பக்கத்துப் பழைய கடைகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், எல்லாவற்றுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் என்று நினைக்கிறார்கள். மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட இடங்களுக்கு 1958-ஆம் ஆண்டின் டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1988-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொருந்தாது. இன்று நாம் பேசும் கடைகள் ஏறக்குறைய எல்லாமே அந்த எல்லையைத் தாண்டியவை. அவற்றுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும்தான் அடிப்படை. அதாவது, நீங்கள் கையெழுத்திட்ட பத்திரத்தில் இருப்பதே பெரும்பாலும் உங்கள் சட்டம்.

அந்தப் பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அது பதிவானதா என்பதை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுப் பத்திரத்தால்தான் உண்டாக்க முடியும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு. டீலர்கள் பதினொரு மாதப் பத்திரத்தை நீட்டுவதன் ரகசியமும் இதுதான். ஐந்து வருஷம் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, பதிவு செய்யாமல் பீரோவில் வைத்திருந்தால், அந்த ஐந்து வருஷக் கெடுவை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது மிகவும் கடினம். அத்தகைய வியாபாரக் கடை பொதுவாக மாதா மாதம் தொடரும் வாடகையாகக் கருதப்படும். 106-ஆம் பிரிவின்படி எந்தத் தரப்பும் 15 நாள் நோட்டீஸில் அதை முடித்துக்கொள்ளலாம். பதிவுச் செலவை மிச்சம் பிடித்த சொந்தக்காரர் பின்னால் லாக்-இன் பணம் கேட்டுத் திண்டாடுவது இதனால்தான்.

லாக்-இன் என்ற பூட்டு

பதிவான பத்திரத்தில் சாதாரணமாக இரண்டு ஷரத்துகள் இருக்கும். முதலாவது, இத்தனை மாதம் வரை காலி செய்யக்கூடாது என்ற லாக்-இன். இரண்டாவது, அதற்குப் பிறகு இத்தனை மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்பது. லாக்-இன் முடிந்துவிட்டதென்றால் விஷயம் சுலபம்: எழுத்தில் நோட்டீஸ், அதன் காலம் வரை வாடகை, கணக்கு தீர்ந்தது. விலகும் ஷரத்தே இல்லாத பத்திரமானால், சொந்தக்காரர் சம்மதமின்றி வாடகைதாரர் இடையில் முடித்துக்கொள்ள முடியாது. சம்மதித்து ஒப்படைப்பதைத்தான் 111-ஆம் பிரிவு ‘சரண்டர்’ என்று குறிப்பிடுகிறது.

சிக்கலெல்லாம் லாக்-இன் காலத்துக்குள் போக நினைக்கும்போதுதான். ‘மீதி மாத வாடகை முழுவதையும் வை’ என்பார் சொந்தக்காரர். ‘அட்வான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு சரி’ என்பார் வாடகைதாரர். சட்டம் இரண்டையும் அப்படியே ஏற்பதில்லை.

ஒப்பந்தத்தை மீறியவர் மற்றவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு. நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. பத்திரத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால், அதற்கு மேற்படாமல் நியாயமான ஈடு கிடைக்கும் என்பது 74-ஆம் பிரிவு. இதை உச்சநீதிமன்றம் 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலும் 2015-இல் கைலாஷ் நாத் வழக்கிலும் விளக்கியிருக்கிறது. லாக்-இன் வாடகை என்பது கைமாற்றுக் கடன் போல உடனே வசூலிக்கும் பாக்கி அல்ல, விசாரித்துத் தீர்மானிக்க வேண்டிய நஷ்டஈடு என்று டெல்லி உயர்நீதிமன்றம் டவர் விஷன் வழக்கில் 2012-இல் சொன்னது. அதேசமயம், இந்த வாடகைதாரருக்கென்றே சொந்தக்காரர் பெருஞ்செலவு செய்து கடையை மாற்றியமைத்திருந்தால், பெரும்பகுதித் தொகையும் நியாயமானதே என்று ஆகலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எண்கள் உதாரணத்துக்குத்தான். மாத வாடகை 40,000 ரூபாய். லாக்-இன் 24 மாதம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, அதாவது 1,20,000. வாடகைதாரர் 16 மாதம் முடிந்ததும் போகிறார். லாக்-இன்னில் மீதி 8 மாதம். சொந்தக்காரர் கேட்பது 3,20,000.

கடை மூன்று மாதம் பூட்டிக் கிடந்து, பிறகு 38,000 ரூபாய்க்குப் புது ஆள் வந்தார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத நஷ்டம் 1,20,000. மீதி ஐந்து மாதத்துக்கு மாதம் 2,000 குறைவு; அது 10,000. டீலருக்குக் கொடுத்த கமிஷன் 19,000. ‘லாக்-இன் முடிந்து நான் போயிருந்தாலும் கமிஷன் கொடுத்திருப்பீர்களே’ என்று வாடகைதாரர் வாதிடலாம். பாதியாகப் பேசிக்கொண்டால் 9,500. ஆக மொத்தம் 1,39,500. அட்வான்ஸைக் கழித்தால் வாடகைதாரர் தர வேண்டியது 19,500 ரூபாய். மூன்றேகால் லட்சத்துக்கும் சூனியத்துக்கும் இடையே நின்ற சண்டை, கணக்கு என்று உட்கார்ந்தால் இந்த அளவுக்கு வந்துவிடுகிறது.

புது ஆள் எப்போது வருவார் என்று போகும் நாளில் தெரியாதே என்று கேட்கலாம். அதற்கு இரண்டு வழி உண்டு. மூன்று மாதம் என்று ஒரு மதிப்பை இருவரும் ஒப்புக்கொண்டு அன்றே தீர்த்துவிடுவது ஒன்று. போகிறவரே தகுந்த ஆளைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்துவது மற்றொன்று. இரண்டாவது வழியில் சொந்தக்காரருக்கு ஒரு மாதம்கூட வாடகை நிற்காது. ஆகவே வாடகைதாரர்களே, போகப் போகிறீர்கள் என்று மனத்தில் பட்டவுடன் சொல்லிவிடுங்கள். இரண்டு மாதம் மறைத்து வைத்தால் அது உங்கள் அட்வான்ஸிலிருந்தே போகும்.

சொந்தக்காரருக்கும் ஒரு வார்த்தை. கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு ‘அவனிடமே வாங்குகிறேன்’ என்று காத்திருந்தால் உங்கள் கோரிக்கைதான் பலவீனப்படும். ‘வாடகைக்கு’ பலகையை மாட்டிய தேதி, டீலருக்கு அனுப்பிய செய்தி, பார்க்க வந்தவர்கள் சொன்ன வாடகை எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். முயற்சி செய்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

வியாபாரம் படுத்தால்?

‘நஷ்டம் வந்துவிட்டது, நான் என்ன செய்ய?’ என்பது மனிதாபிமானப்படி சரியான கேள்வி. சட்டப்படி அது விடுதலை ஆகாது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது கான் மார்க்கெட் கடை ஒன்றின் வாடகைதாரர் வாடகையை நிறுத்திவைக்கக் கோரியதை டெல்லி உயர்நீதிமன்றம் அந்த ஆண்டு மே மாதம் ஏற்க மறுத்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு நடப்பிலுள்ள குத்தகைக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. தீ, வெள்ளம் போன்றவற்றால் இடமே பயன்படாமல் போனால் 108-ஆம் பிரிவு வாடகைதாரருக்கு விலகும் உரிமை தருகிறது. இடம் நன்றாக இருந்து வியாபாரம் மட்டும் படுத்தால் அந்த உரிமை இல்லை. பேரிடரில் என்ன செய்வது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தால் மட்டும் அதன்படி நடக்கும்.

சாவியும் தேதியும்

வாடகை எந்தத் தேதியில் நின்றது என்பதே பல வழக்குகளின் உயிர்நாடி. சாமானை எடுத்த தேதி ஒன்று, ஷட்டரை இறக்கிய தேதி ஒன்று, சாவி கைமாறிய தேதி ஒன்று. இடத்தைத் திரும்ப ஒப்படைப்பது வாடகைதாரர் கடமை; சாவி போய்ச் சேராதவரை அந்தக் கடமை முடியவில்லை என்றே எதிர்த் தரப்பு சொல்லும்.

நம்மவர்களுக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. ஓய்வு பெற்ற சொந்தக்காரர் கும்பகோணத்துக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ குடிபோயிருப்பார். வாடகை மட்டும் மாதா மாதம் வங்கிக்கு வரும். வாடகைதாரர் சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடமோ டீலரிடமோ கொடுத்துவிட்டுப் போவார். நாலு மாதம் கழித்து, ‘எனக்குச் சாவியே வரவில்லை’ என்பார் சொந்தக்காரர். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்! ஊரில் இல்லாத சொந்தக்காரர், சாவி வாங்க இன்னாருக்கு அதிகாரம் என்று இப்போதே எழுத்தில் கொடுத்து, வாடகைதாரருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுவது நல்லது. சொந்தக்காரர் வாங்க மறுத்தால், சாவி தயாராக இருக்கிறது என்று தேதி போட்டு ஸ்பீட் போஸ்டில் எழுதி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒப்படைக்கும் நாளில் ஒரே தாளில் இவ்வளவும் வரட்டும்:

1. சாவி கொடுத்த தேதி, நேரம், எத்தனை சாவி.
2. மின்சார மீட்டர் எண்ணிக்கை. கடைசி பில் கட்டிய ரசீது. வாடகைதாரர் மின்சுமையை உயர்த்தியிருந்தால் அதற்கேற்ற நிலைக் கட்டணம் தொடர்ந்து வரும்; அதைக் குறைப்பது யார் பொறுப்பு என்பது.
3. கழற்றிய பொருள்கள், விட்டுச் சென்ற பொருள்கள். வாடகைதாரர் தாம் பொருத்தியதைக் காலி செய்வதற்குள் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் இடத்தைப் பெற்ற நிலையிலேயே விட வேண்டும். சுவரின் சாதாரணப் பழுப்புக்கு அவர் பொறுப்பில்லை, உடைந்த ஓட்டுக்குப் பொறுப்பு.
4. அட்வான்ஸில் எதற்கு எவ்வளவு பிடித்தம், மீதி எந்த நாளில், எந்தக் காசோலையில்.
5. இனி ஒருவர் மேல் ஒருவருக்குக் கோரிக்கை இல்லை என்ற வாசகம், இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள்.

பதிவான குத்தகையென்றால் இந்த ஒப்படைப்புப் பத்திரத்தையும் சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்வதே பாதுகாப்பு. அந்த விலாசத்தில் ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் வாடகைதாரர் 15 நாளுக்குள் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். சொந்தக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரானால், முன்கூட்டியே விலகுவதற்கென்று பத்திரப்படி வாங்கும் தொகைக்கும் வரி உண்டு என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட மத்திய அரசுச் சுற்றறிக்கை சொல்கிறது. பேசும்போதே ‘வரி உட்படவா, நீங்கலாகவா’ என்று கேட்டுவிடுங்கள்.

கோபத்தில் செய்யக்கூடாதவை

பாக்கி இருக்கிறதென்று வாடகைதாரர் சாமான் உள்ளே இருக்கையில் சொந்தக்காரர் தம் பூட்டைப் போடக்கூடாது. சட்ட வழியன்றி வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெற முடியும். அதேபோல் வாடகைதாரரும் ‘அட்வான்ஸ் வந்தால்தான் சாவி’ என்று பூட்டி வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது. அந்த மாதங்களுக்கும் வாடகை கேட்பார்கள். சாவியும் காசோலையும் ஒரே மேஜையில் மாறுவதுதான் சுமுகம்.

பேச்சு முறிந்துவிட்டால், வாடகைப் பாக்கிக்கு வழக்கிட மூன்று வருஷக் கெடு உண்டு. வியாபாரத்துக்கு மட்டுமே பயன்படும் இடத்தைப் பற்றிய, 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள தகராறு வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்கானால், அதற்கு முன் சமரச மையத்துக்குப் போயே தீர வேண்டும் என்று 2022-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. சட்டமே முதலில் பேசிப் பார் என்றுதான் அனுப்புகிறது. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் அதைத்தானே!

கெடுவுக்கு முன் போவது குற்றமல்ல, இலவசமும் அல்ல. அதன் விலையைப் பத்திரத்தையும் உண்மை நஷ்டத்தையும் வைத்துக் கணக்கிட வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைப் பத்திரத்தை எடுத்து மூன்று இடத்தில் மட்டும் பென்சிலால் கோடிடுங்கள்: பதிவு எண், லாக்-இன் முடியும் தேதி, நோட்டீஸ் காலம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று அகப்படவில்லை என்றால், இப்போதே எதிர்த் தரப்பினரை ஒரு காப்பிக்கு அழைத்துப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது எழுதுவது எளிது.