பதுகம்மா முடியட்டும்

ஆடி பிறந்தால் விதை போடாமல் எனக்குக் கை நிற்காது, கும்பகோணத்துப் பழக்கம். செகந்திராபாத் வந்த பிறகும் அந்தக் கணக்கில்தான் மாடித் தோட்டம் போட்டேன். வெண்டை, கொத்தவரை, புளிச்சக்கீரை எல்லாம் நன்றாகவே வந்தன. இடறியது ஐப்பசியில். ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை, தொட்டிப் பக்கமே போகமாட்டோம். இங்கே தலைகீழ். அக்டோபர் நடுவில் தென்மேற்குப் பருவமழை விலகியதும் வானம் வெளுத்துவிடும். டிசம்பர் ராத்திரிகளில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். நம் ஊருக்கு ஊட்டியிலிருந்து லாரியில் வரும் கோஸும் கேரட்டும் இங்கே மொட்டைமாடியிலேயே விளையும்.

அந்த ஆசையில் 2020 செப்டம்பர் கடைசியிலேயே நாற்று கேட்டுப் போனேன். தெருமுனையில் கீரை விற்கிற அம்மா, "பதுகம்ம அயினங்க வெய்யி" என்றார். பதுகம்மா பண்டிகை ஆகட்டும், பிறகு போடு. நான் கேட்கவில்லை, வேறு இடத்தில் வாங்கி நட்டேன். அக்டோபர் 13 ராத்திரி கொட்டிய மழை பேகம்பேட்டையில் மட்டும் 19 சென்டிமீட்டர். இங்கே வீடுகளே முழுகியிருக்கும்போது நாற்றுக்கு அழுவது அசிங்கம்தான். ஆனால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பஞ்சாங்கத்தில் ஓர் அதிக மாதம் வந்ததால் அந்த வருஷம் பண்டிகையின் கடைசி நாளான சத்துல பதுகம்மா அக்டோபர் 24-க்குத் தள்ளிப்போயிருந்தது.

அதற்காகப் பண்டிகையை மட்டும் நம்பவும் முடியாது. சில வருஷம் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். நான் பார்ப்பது மேல்மண்ணை. தண்ணீர் விடாமலே இரண்டு நாளில் காய்ந்து வெளுத்தால் மழை போய்விட்டது என்று அர்த்தம்.

மழை முழுக்க நனைந்த தொட்டி மண் அடை மாதிரி இறுகிக் கிடக்கும். தார்ப்பாயில் கொட்டி உடைத்து நாலு நாள் வெயிலில் பரப்புவேன். உள்ளே சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் காக்கை பார்த்துக்கொள்ளும். இரண்டு பங்கு பழைய மண், ஒரு பங்கு மக்கிய சாணம், ஒரு பங்கு இரண்டு தண்ணீரில் அலசிய தென்னைநார்க் கழிவு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கலந்து, ஈரம் காட்டி, பத்து நாள் சும்மா விடவேண்டும். நிரப்புமுன் அடித்துளையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். பாதித் தொட்டிகளில் வேர் அடைத்திருக்கும்.

கொத்தமல்லியைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்துத்தான் விதைக்க வேண்டும். காலிஃப்ளவரை ரகம் கேட்டு வாங்குங்கள். கடுங்குளிர் கேட்கும் பின்பருவ ரகத்தை வாங்கிவிட்டு நான் பிப்ரவரி வரை இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேரட்டுக்கு நாற்று வேண்டாம். பிடுங்கி நட்டால் கிழங்கு கவட்டையாகக் கிளைக்கும். போன நவம்பரில் முக்கால் அடி ஆழத் தொட்டியில் நேரடியாகத் தூவி, முளைத்ததும் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் களைந்தேன். ஜனவரிக் கடைசியில் பிடுங்கினோம். சாம்பாருக்குக் காணாது. மாடியிலேயே குழாயில் கழுவி, நின்றபடி தின்று தீர்த்தோம்.