பாக்குவெட்டியும் அருங்காட்சியகமும்

அருங்காட்சியகம் என்றவுடன் நம் மனக்கண் முன் எழுவன யாவை? உயர்ந்த தூண்கள், ஆளுயரச் சிலைகள், அரசர்தம் வாள்கள், 'தொடாதீர்' என்னும் பலகை. இவை பெருநகரங்களின் பெருங்காட்சியகங்களுக்கு உரியவை. ஓர் ஊர் மக்கள் விளக்கேற்றியதையும், எழுதியதையும், வெற்றிலை போட்டதையும் காத்து வைக்கும் சிறு காட்சியகங்களும் உண்டு. அவை எவ்வாறு தோன்றுகின்றன? எதனால் வாழ்கின்றன? எதனால் நலிகின்றன? மாணவர் இவற்றை அறிதல் நன்று. வேதியியல் பயில்பவனுக்கு இது எதற்கு என்று நண்பர் சிலர் கேட்கலாம். விடை கட்டுரையின் இடையில் உள்ளது.

ஒரு மனிதர் திரட்டிய செல்வம்

நாம் வாழும் இந்தப் புனே நகரின் பாஜிராவ் சாலையருகே ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. தினகர் கங்காதர் கேள்கர் (1896–1990) அரசரும் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். மூக்குக்கண்ணாடி வணிகம் செய்தவர்; மராத்தியில் கவிதை எழுதியவர். 1920ஆம் ஆண்டை ஒட்டிப் பழம்பொருள் திரட்டத் தொடங்கினார். ஏழு வயதில் மறைந்த ஒரே மகன் ராஜாவின் நினைவாகக் காட்சியகத்துக்குப் பெயரிட்டார். பின்னர்த் தொகுப்பு முழுவதையும் மகாராட்டிர அரசிடம் ஒப்படைத்தார்.

அவர் திரட்டியவை எவை? விளக்குகள், பூட்டுகள், மைக்கூடுகள், இசைக்கருவிகள், வேலைப்பாடு மிகுந்த கதவுகள், பாக்குவெட்டிகள். பிறர் பழையன என்று ஒதுக்கியவற்றை அவர் வீடு வீடாகத் தேடி வாங்கினார்.

அந்தப் பாக்குவெட்டிகளின் முன்தான் நான் நின்றுவிட்டேன். எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கட்கிக்கு வந்தது. வரும்போது ஆச்சி தன் பித்தளைப் பாக்குவெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாளாம். ஆச்சி இறந்த மறு ஆண்டு நாங்கள் வீடு மாறினோம். பழைய பாத்திரங்களோடு அதையும் எடைக்குப் போட்டோம். மூட்டையைக் கட்டித் தராசில் வைத்தவன் நானே. எத்தனை ரூபாய் கிடைத்தது என்பதுகூட இன்று நினைவில் இல்லை. அதன் பிடி கிளிமூக்குப் போல வளைந்திருந்தது மட்டும் நினைவில் இருக்கிறது.

காட்சி மாறுவது ஏன்?

கேள்கர் காட்சியகத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன. காட்சிக்கு வைக்கப்பட்டவை ஏறத்தாழ 2,500. எட்டில் ஒரு பங்கே நம் கண்ணில் படுகிறது. எஞ்சியவற்றைப் பூட்டி வைப்பது வீண் அன்றோ என்று தோன்றும். இடம் போதாமை ஒரு காரணம். மற்றொரு காரணம் ஒளி.

ஒளி பட்டால் சாயம் வெளுக்கும். துணியின் இழை நலியும். படும் ஒளியின் செறிவையும் படும் நேரத்தையும் பெருக்கினால் வருவதே சேதத்துக்கு அளவுகோல். பட்டு, பருத்தி, நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் ஒளிக்கு மேல் ஆகாது என்பது காட்சியகங்கள் கைக்கொள்ளும் விதி. நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டில் 300 நாள் என்று கொண்டால் 50 × 8 × 300 = 1,20,000 லக்ஸ்-மணி ஆகிறது. நடுப்பகல் வெயிலின் செறிவோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். எனவே காட்சியகத்தில் ஓர் ஆண்டு பெறும் ஒளியை ஒரு புடவை வெயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் பெற்றுவிடும்! வெயிலில் உள்ள புறஊதாக் கதிரின் கேடு இதற்கு மேல்.

நான்கு புடவைகளை மூன்று மாதத்துக்கு ஒன்றாக முறைவைத்துக் காட்டினால் ஒவ்வொன்றும் பெறும் ஒளி கால் பங்காகக் குறையும். எனவே காட்சியை மாற்றுவது புதுமை காட்டுவதற்காக மட்டும் அன்று. பொருளுக்கு ஓய்வு கொடுப்பதற்காகவும்தான். அதே செயல் முன்பு வந்தவரை மீண்டும் வரவழைக்கிறது. அறிவியலும் நிருவாகமும் இங்குக் கைகோக்கின்றன.

உலோகத்துக்கு வேறு பகை. வெண்கலத்தில் குளோரைடு உப்பு தங்கியிருந்து காற்றின் ஈரமும் சேர்ந்தால், பசும்பொடி பூத்து உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். அப்பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைப்பர். நம் வீட்டில் பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்போம், பளபளக்கும். ஆனால் புளியின் அமிலமும் தேய்ப்பும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பைச் சிறிது கரைக்கின்றன. நூறாண்டு தேய்த்தால் விளக்கின் நுண்ணிய வேலைப்பாடு மழுங்கிவிடும். வீட்டுக்கு நல்லதெல்லாம் காட்சியகத்துக்கு நல்லது ஆகாது.

விழா எதற்கு?

மே 18 உலக அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடப்படுகிறது. நவம்பர் 19 முதல் 25 வரை நம் நாட்டில் உலகப் பாரம்பரிய வாரம். இந்நாள்களில் காட்சியகங்களில் விழா நடப்பது வழக்கம். மேடை, மாலை, வரவேற்புரை, நன்றியுரை ஆகியவற்றோடு முடியும் விழாவினால் பயன் சிறிதே. ஒரு பொருளைச் சுற்றி அமையும் விழாவே நிலைக்கும். பாக்குவெட்டியை எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கிய புதிய வெட்டி ஒன்றை மூதாட்டி ஒருவர் கையில் கொடுத்துக் கொட்டைப்பாக்கைச் சீவிக் காட்டச் சொல்லலாம். பழைய வெட்டி பெட்டிக்குள் அப்படியே இருக்கட்டும். பார்க்கும் சிறுவனுக்கு அதன் வளைவும் கூரும் எதற்கு என்பது அப்போதே விளங்கும். அவன் மறுமுறை பெற்றோரை அழைத்து வருவான். அத்தெருவார்க்கும் இது நம்முடையது என்னும் எண்ணம் பிறக்கும்.

பணம் எங்கிருந்து வரும்?

காட்சியகத்தின் செலவு மூவகை. ஊதியம், மின்சாரம், காவல் என்னும் அன்றாடச் செலவு ஒன்று. பொருளைப் பேணும் செலவு மற்றொன்று. புதிய காட்சி அமைக்கும் செலவு மூன்றாவது. மூன்றாவதற்குக் கொடையாளர் எளிதில் கிடைப்பர். புதுக் கூடத்தில் பெயர் பொறிக்கலாம் அல்லவா? கூரை ஒழுகினால் அடைப்பதற்குக் கொடுப்பவர் அரியர். ஆனால் காட்சியகத்தை அழிப்பது பெரும்பாலும் ஒழுகும் கூரையே.

பொதுமக்களால் எழுந்ததற்கு மும்பை சான்று. பைக்குளாவில் உள்ள டாக்டர் பாவ் தாஜி லாட் காட்சியகத்துக்கு 1858இல் பொதுநிதி திரட்டத் தொடங்கினர். பாவ் தாஜி என்னும் மருத்துவரும் ஜகந்நாத் சங்கர்சேட் என்னும் வணிகரும் முன்னின்றனர். கதவு திறந்தது 1872இல்! பதினான்கு ஆண்டுப் பொறுமை அது. காலப்போக்கில் நலிந்த அக்கட்டடத்தைச் சீர்ப்படுத்த 2003இல் மாநகராட்சியும், இன்டாக் அமைப்பும், ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளையும் உடன்பாடு செய்துகொண்டன. 2008இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. கட்டுவதற்கு ஒரு தலைமுறை திரட்டிய நிதி போதாது; காப்பதற்குப் பின்வரும் தலைமுறையும் கொடுத்தாக வேண்டும்.

முட்டுப்பட்டால் பொருளை விற்கலாமோ? விற்றல் அறம் அன்று. காட்சியகத்தை நம்பிக் கொடுத்தவரை ஏமாற்றுவதாகும். நூறாண்டு கடந்த பழம்பொருள்களின் விற்பனைக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடும் உண்டு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளமுள்ள நிறுவனங்கள் தம் நிகர இலாபச் சராசரியில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பண்பாட்டுச் செல்வங்களைக் காத்தலும் அப்பட்டியலில் அடங்கும். கணக்கும் பொருட்பதிவேடும் செம்மையாக உள்ள காட்சியகமே இவ்வுதவியைக் கேட்க இயலும். ஆகவே நிதி திரட்டலின் முதற்படி உண்டியல் அன்று, பதிவேடு. ஆண்டுச் சந்தா செலுத்தும் நூறு உறுப்பினர் இருந்தால் அன்றாடச் செலவுக்குத் துணை. ஒரு பொருளைப் பேணும் செலவை ஒருவர் ஏற்கும் முறையும் நல்லது. கொடுத்தவர் தம் பணம் எங்கே சென்றது என்பதைக் கண்ணால் காண்பார்.

நாம் செய்யத்தக்கது

மாணவராகிய நம்மிடம் பணம் இல்லை. ஆயினும் காட்சியகங்களுக்குப் பணத்தினும் அரிதாகக் கிடைக்கும் ஒன்று நம்மிடம் உண்டு. அது பொருளின் வரலாறு. உலோகம் எது, ஏறத்தாழ எக்காலத்தது என்று அறிஞர் ஆய்ந்து சொல்லிவிடுவர். அதை யார் பிடித்தார், என்ன பெயரிட்டு அழைத்தார், எவ்வூரிலிருந்து எவ்வூருக்குக் கொண்டுவந்தார் என்பதை வீட்டார் அல்லவோ சொல்ல வேண்டும்?

நண்பர்களே, இவ்விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு பொருளையேனும் பார்த்து ஓர் அட்டையில் எழுதி வாருங்கள். பெயர், பயன், அளவு, ஊர், பயன்படுத்தியவர், அவர் சொன்ன செய்தி ஆகிய ஆறும் போதும். இயன்றால் ஒரு படம். பொருள் வீட்டிலேயே இருக்கட்டும். அவ்வட்டைகளைத் திரட்டி நம் சங்க அறையில் ஒருநாள் காட்சி வைப்போம். நுழைவுக்கு ஐந்து ரூபாய் வாங்கி, சேர்வதைச் சிறு காட்சியகம் ஒன்றின் பேணுதல் செலவுக்கு அனுப்புவோம்.

என் அட்டை முன்னரே எழுதியாயிற்று. 'பாக்குவெட்டி, பித்தளை, கிளிமூக்குப் பிடி, திருநெல்வேலியிலிருந்து கட்கிக்கு வந்தது.' படம் ஒட்டும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. உங்கள் அட்டையில் அவ்விடம் காலியாக இருக்க வேண்டாம்.