ட்ரெக்கிங் பேன்ட் தினசரி போட: ₹900 லாபமா, ₹2,400 லாபமா?

பேன்ட் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீங்க. ஒரு தடவை போட எவ்வளவு ஆகுதுன்னு பாருங்க.

உதாரணத்துக்கு, ₹900 காட்டன் பேன்ட் 60 தடவையில கிழிஞ்சா, ஒரு தடவைக்கு ₹15. ₹2,400 ட்ரெக்கிங் பேன்ட் 240 தடவை உழைச்சா ₹10தான். உழைக்குமான்னு கடையிலேயே செக் பண்ணுங்க:

1. துணி: நைலான் அதிகம், கூடவே கொஞ்சம் எலாஸ்டேன். நைலான் உராய்வைத் தாங்கும், சீக்கிரம் காயும். எலாஸ்டேன் இருந்தா துணி இழுபடும்.
2. தையல்: ரெண்டு காலும் சேர்ற இடத்துல தனித் துண்டு வெச்சுத் தைச்சிருக்கணும். பைக் ஓட்டுறவங்களுக்கு அங்கதான் சீக்கிரம் விடும்.
3. ஃபிட்: ட்ரையல் ரூம்ல குத்தவெச்சு உட்காருங்க. முட்டி பிடிச்சா வேண்டாம்.

அடுத்து ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், வரிக்கு முந்தைய விலை ₹2,500 வரை 5%, தாண்டினா 18%. அதனால ₹2,500 பேன்ட் ₹2,625 ஆகும். ₹2,600 பேன்ட் ₹3,068!

கடைசியா ஒண்ணு. வாரம் ரெண்டு தடவை போட்டா, 240 தடவைக்கு ரெண்டே கால் வருஷத்துக்கு மேல ஆகும். மாசம் ரெண்டு தடவைன்னா பத்து வருஷம்! அப்படின்னா உங்களுக்கு ₹900 பேன்ட்டே போதும்.