எரிந்த புல்வெளியில் விதை எண்ணுவது எப்படி?

நீலகிரிப் புல்வெளிக்குத் தீ நல்லதா கெட்டதா என்று வாதாடுகிறவர்கள் மண்ணைத் தோண்டிப் பார்ப்பது அபூர்வம். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். நாற்றுத் தட்டும் பொறுமையும் போதும்.

முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள். சோதனைக்கென்று தீ வைக்காதீர்கள். 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் அது குற்றம். அடிக்கடி எரிவது, எப்போதாவது எரிவது, நெடுங்காலமாக எரியாதது என மூன்று இடங்களை ஒரே மாதிரிச் சரிவில் தேர்ந்தெடுங்கள். எந்த ஆண்டு எரிந்தது என்பதை வேட்டைத் தடுப்புக் காவலர்களிடமும் பக்கத்து மந்துகளில் உள்ள தோடர்களிடமும் கேளுங்கள்.

மழைக்கு முன், சருகை ஒதுக்கிவிட்டு, 5 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயை அடித்து இறக்கி மண் எடுங்கள். இடத்துக்குப் பத்துப் பதினைந்து குழி போதும். மேல் 5 செ.மீ. தனி, அடுத்த 5 செ.மீ. தனி. இரண்டையும் கலந்தால் வேலை வீண். புல்தீயின் சூடு மேல்மண்ணோடு நின்றுவிடும். மேலே கிடக்கும் விதை கருகும், கீழே கிடப்பது பிழைக்கும்.

கல், வேர் பொறுக்கிய மண்ணை, வறுத்த மணல்மேல் 1 செ.மீ. கனத்துக்குப் பரப்பி நீர் தெளியுங்கள். வெறும் மணல் தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். அதில் முளைப்பது காற்றில் வந்த விதை. முளைத்ததை அடையாளம் கண்டு, எண்ணி, பிடுங்குங்கள். அவ்வப்போது மண்ணைக் கிளறி ஆறு மாதமாவது தொடருங்கள்.

புல்வெளியை ஆக்கிரமிக்கும் அயல் மரமான சீகையின் (வாட்டில்) விதை இந்தக் கணக்கில் அடங்காது. எள்ளைவிடச் சற்றுப் பெரிய, தோல் தடித்த அந்தக் கறுப்பு விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். சூடு பட்டால் சட்டென்று முளைக்கும். அதைச் சல்லடையில் சலித்தே எண்ண வேண்டும். பாதியைக் கொதித்து இறக்கிய நீரில் சில நிமிடம் போட்டு விதைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

தட்டில் புல் குறைவாக முளைத்தால் பதற வேண்டாம். மலைப்புற்கள் விதையைவிடத் தூரை நம்பியே மீள்பவை. எரிந்த இடத்தில் தூர் துளிர்க்கிறதா என்று பாருங்கள். நீலக்குறிஞ்சியோ 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து மடிவது. இடையில் நாற்று வரவில்லை என்பதற்காக அழிந்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள். விதையை மட்டுமே நம்பிய சிறு செடிகளுக்குத்தான் ஆண்டுதோறும் வரும் தீ ஆபத்து: காய்க்குமுன் எரிந்துவிடும்.

சீகை விதை மிகுந்த இடத்தில் ஒரு தீ, நாற்றுக் கூட்டத்தையே எழுப்பும். பூக்குமுன் பிடுங்கினால் மண்ணிலுள்ள இருப்பு குறையும். விட்டுவைத்தால் அவை காய்த்து அதை மறுபடி நிரப்பும். பிடுங்க ஆளில்லாத இடத்துக்குத் தீயைப் பரிந்துரைக்காதீர்கள்.